ஏழு மணிக்கும் பத்தரைக்கும் நடுவே

சாரம், புதுச்சேரி
3-11-1957

அஞ்சலாட்சிக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் முன்னால் உன்னைப் போகச் சொன்னதற்காக வருந்தி இதை எழுதவில்லை. அங்கே சொல்லி முடிக்காததை இங்கே சொல்லி முடிக்கிறேன்.

அப்பாவை நேற்று வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். வலது கையும் வலது காலும் இனி இல்லை என்றே வைத்துக்கொள். பேச்சு இல்லை. நாம் பேசுவதும் அவருக்குப் புரியவில்லை. இருபத்தெட்டு வருஷம் ஆலையில் மேஸ்திரியாக இருந்து, இரைச்சலில் ஒரு மாறுதல் கேட்டதும் எந்தத் தறி நின்றது என்று சொன்ன மனிதர். இன்று "தண்ணி வேணுமாப்பா" என்று கேட்டால் என் காதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

டாக்டர் இராமதாஸ் சொன்னது உன் காதிலும் விழுந்தது. "வாதம் வர்றது ஒண்ணு. ஒடம்புல சர்க்கரை இந்த அளவுக்கு ஏறிக் கெடக்கும்போது வர்றது வேற. மூளையில ரத்தம் போகாத எடம் மட்டும் கெடறதில்ல, தப்பிச்சிருக்க வேண்டிய எடமும் சேர்ந்து கெட்டுப்போவுது. நான் பார்த்த நோயாளிங்கள வெச்சுச் சொல்றேன். புஸ்தகத்துல இருக்கான்னு கேக்காதீங்க." அப்பாவின் சிறுநீரை நீலத் திராவகத்தில் விட்டுக் காய்ச்சியதும் குழாயில் சர்க்கரை மிஞ்சியதைக் காட்டும் செங்கல் நிறம் வந்தது. எப்படி இவ்வளவு ஏறியது என்று கேட்டார். தீபாவளிக்கு நீ கொண்டுவந்த அதிரசத் தூக்கைக் காட்டினேன்.

ஏழு வருஷம் நான் காத்து வைத்த உடம்பு அது. விடிந்ததும் கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைப்பேன், ஈரத்துணி சுற்றிய பானைக்குள்ளிருந்து இன்சுலின் மருந்துப் புட்டியை எடுப்பேன், குழாயின் நிறத்தைப் பார்ப்பேன். பிறகுதான் பள்ளிக்கூடம். நீ வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து "பாவம் அப்பா" என்று சொல்லிவிட்டு ரயிலேறுகிறவள்.

இனி இந்த வீட்டுக்கு வராதே.

செல்வாம்பாள்


ரயில்வே குடியிருப்பு, விழுப்புரம்
9-11-1957

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

அதிரசம் கொடுத்தேன். இல்லை என்று சொல்ல மாட்டேன். செவ்வாய்க்கிழமை, தீபாவளி அன்று, நீ கொல்லைப்புறம் போனபோது அப்பா கையை நீட்டினார். "அஞ்சலா, ஒண்ணே ஒண்ணு குடுறி. ஒங்கக்கா வர்றதுக்குள்ள முழுங்கிடறேன்." சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார். இரண்டு கொடுத்தேன். உன் செருப்புச் சத்தம் கேட்டதும், "ஊசிக்காரி வர்றாடி, தூக்க மூடு" என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

புதன்கிழமை நான் ஊருக்கு வந்துவிட்டேன். அவர் விழுந்தது வெள்ளிக்கிழமை. செவ்வாய்க்கிழமை தின்றது வெள்ளிக்கிழமை வரை உடம்பில் நிற்குமா அக்கா? எனக்குத் தெரியவில்லை. நீ படித்தவள், சொல்.

இன்னொன்று. காலை ஏழு மணிக்கு விழுந்தார் என்று சக்கரபாணி சித்தப்பா சொல்கிறார். டாக்டர் வந்தது பத்தரைக்கு என்றும் சொல்கிறார். டாக்டர் வீடு நடந்து போகிற தூரம்தானே. ஏன் அவ்வளவு நேரமாயிற்று?

சண்டைக்காகக் கேட்கவில்லை. நீ சொல்வதே சரியாக இருக்கட்டும். ஒரு தடவை அவரைப் பார்க்க விடு. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பிவிடுகிறேன்.

உன் தங்கை
அஞ்சலாட்சி


சாரம்
21-11-1957

அஞ்சலாட்சிக்கு,

நீ கேட்டவற்றுக்குப் பதில்.

இரண்டு அதிரசத்தோடு முடியவில்லை. வியாழக்கிழமை அவர் தலையணை உறைக்குள் ஐந்து கிடந்தன. எறும்பு வரிசையைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். அன்று மாலையே குழாயில் செங்கல் நிறம். தூக்கை அவர் கைக்கு எட்டுகிற அலமாரியில் வைத்துவிட்டுப் போனவள் நீ.

டாக்டர் அன்று காலை வேறொரு நோயாளியின் வீட்டுக்குப் போயிருந்தார். வரும்வரை காத்திருந்தோம். போதுமா?

என்னைப் படிக்க வைத்தார், உன்னைப் பாதியில் நிறுத்திக் கட்டிக்கொடுத்தார் என்ற குறை உனக்கு உண்டு. நீ வாயால் சொன்னதில்லை. ஒவ்வொரு தடவையும் என் புத்தக அலமாரியைத் துடைக்கிறேன் என்று போய் நிற்பாயே, அதில் தெரியும். புருஷன் செத்து இருபது வயதில் திரும்பி வந்த என்னை, சொந்தக்காரர்கள் எல்லோரையும் பகைத்துக்கொண்டு மெட்ராஸுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். அந்தப் படிப்பைக் கொண்டு அவரை ஏழு வருஷம் நிற்க வைத்தேன். உன்னுடைய பாசம் அவரை மூன்று நாளில் படுக்க வைத்தது.

கையைப் பிடிக்க வேண்டும் என்கிறாய். எந்தக் கை என்று சொல்லவில்லை. ஒன்றுக்குத்தான் உணர்ச்சி இருக்கிறது.

செல்வாம்பாள்


விழுப்புரம்
20-1-1958

அன்புள்ள அக்காவுக்கு,

காணும் பொங்கல் அன்று பெரியவர்கள் காலில் விழ யார் வந்தாலும் கதவைத் திறப்பார்கள் என்று நம்பி வந்தேன். பெரிய பெண் பார்வதியையும் கூட்டிக்கொண்டு வந்தேன். நீ சன்னலில் நின்றதைப் பார்த்தேன். நீயும் என்னைப் பார்த்தாய். சன்னலைச் சாத்தினாய்.

வெயிலில் ஒரு மணி நேரம் நின்றோம். எதிர்வீட்டுப் பெண் வெளியே வந்து, "யாரும்மா நீங்க, அந்த வூட்டுக்கா? டீச்சரம்மா தெறக்க மாட்டாங்களே" என்றாள். என் அப்பன் வீட்டுக்கு என்னை யார் என்று கேட்டாள். அப்புறம் உங்கள் வேலைக்காரி கொளஞ்சி பின்பக்கமாக வந்து பார்வதிக்குத் தண்ணீர் கொடுத்தாள். என்னவோ சொல்ல வந்தவள், உள்ளே உன் குரல் கேட்டதும் ஓடிவிட்டாள்.

நீ வராந்தாவில் சொன்னது ரயிலைவிட வேகமாக இங்கே வந்து சேர்ந்துவிட்டது. என் மாமியார் என் கையால் காபி வாங்குவதில்லை. "பெத்த அப்பனுக்கே இனிப்பக் குடுத்துப் படுக்கப் போட்டவ. எனக்கு என்னாத்தக் கலந்து குடுப்பாளோ" என்று அண்டை வீட்டாரிடம் சொல்கிறார். அவருக்கும் சர்க்கரை உண்டு. அவர் பிள்ளை கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறார்.

அக்கா, நான்தான் செய்தேன். போதுமா? என்னால்தான் அப்பா இப்படிக் கிடக்கிறார். பார்க்க மட்டும் விடு.

அஞ்சலாட்சி


சாரம்
2-3-1958

அஞ்சலாட்சிக்கு,

உன் பொங்கல் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளை நான் மறக்கவில்லை.

இங்கே ஒரு பேச்சு நடக்கிறது. ஆலைக்காரர்கள் சிலர் அப்பாவைப் பார்க்க வந்துவிட்டுப் போய், "படிச்ச பொண்ணு, ஊசியில எதையோ மாத்திட்டாளாம்" என்று பேசுகிறார்களாம். சித்தப்பாவே என்னிடம் கேட்டார். பள்ளிக்கூடத்திலும் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். பெண் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற எனக்கு இந்தப் பேச்சு ஆகாது.

நீ செய்ததை உன் கையால் தெளிவாக எழுதி அனுப்பு. எத்தனை கொடுத்தாய், எனக்குத் தெரியாமல் எப்படிக் கொடுத்தாய், தூக்கை எங்கே வைத்தாய், எல்லாம். சித்தப்பாவும் மற்றவர்களும் வரும்போது படித்துக் காட்டுவேன். அதன் பிறகு சித்திரையில் நீ வந்து ஒரு மணி நேரம் அவருடன் இருக்கலாம்.

கடுமையான ஏற்பாடு என்று எனக்கும் தெரியும். வேறு வழி இருந்தால் நீ சொல்.

செல்வாம்பாள்


விழுப்புரம்
9-3-1958

அக்காவுக்கும், சித்தப்பாவுக்கும், மற்ற பெரியவர்களுக்கும்,

என் அப்பா பலராமன் அவர்களுக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தும், அக்கா பல தடவை கண்டித்தும் கேட்காமல், 1957 தீபாவளிக்கு முப்பது அதிரசம் சுட்டுக்கொண்டு போனேன். அக்கா பார்க்காத நேரத்தில் கொடுத்தேன். மீதியை அவர் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டு வந்தேன். அதனால்தான் அவருக்குச் சர்க்கரை ஏறி, மூளை கெட்டு, இந்த நிலைமை வந்தது. அக்கா அவரை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இப்படிக்கு,
அஞ்சலாட்சி

அக்கா, "மூளை கெட்டு" என்பதை மூன்று தடவை அடித்து எழுதினேன். வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. நீ வேண்டுமானால் திருத்திக்கொள்.


விழுப்புரம்
28-4-1958

அன்புள்ள அக்காவுக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். ஒரு மணி நேரம் என்று சொல்லிவிட்டு நீ கடிகாரத்துக்கு எதிரில் உட்கார்ந்திருந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை.

அப்பாவின் இடது கையைத்தான் பிடித்தேன். பிடி கொடுக்கவில்லை. "அஞ்சலா வந்திருக்கேம்பா" என்று நாலு தடவை சொன்னேன். கட்டிலுக்கு மேலே இருந்த ஒட்டடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மழித்து, வேட்டி வெளுப்பாக, முதுகில் ஒரு புண் இல்லாமல் வைத்திருக்கிறாய். அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நீ சித்தப்பாவை வழியனுப்பத் தெருவுக்குப் போனபோது கொளஞ்சி எனக்கு மோர் கொடுத்தாள். கொஞ்சம் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு உன்னிடம் சரியாகச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டேன். தலை சுற்றலாக இருந்தது, வேறொன்றுமில்லை.

அடுத்த சித்திரைக்கும் ஒரு மணி நேரம் கொடுப்பாயா?

அஞ்சலாட்சி


விழுப்புரம்
17-8-1960

அன்புள்ள அக்காவுக்கு,

என் மாமியார் முந்தாநாள் இறந்துவிட்டார். கடைசி நாளில் நாக்கு வறண்டு கிடந்தார். நான் பால் எடுத்துக்கொண்டு போனேன். வாயை இறுக மூடிக்கொண்டார். பக்கத்து வீட்டு அம்மாள் ஊற்றியதும் குடித்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நீ வர வேண்டாம். அப்பாவை யார் பார்த்துக்கொள்வது? இந்தச் சித்திரையில் கொடுத்த ஒரு மணி நேரத்துக்கு நன்றி.

அஞ்சலாட்சி


சாரம்
11-6-1961

அன்புள்ள அஞ்சலாட்சிக்கு,

இந்தக் கடிதத்தை ஐந்து நாளாக எழுதுகிறேன். உன் பெயருக்கு முன்னால் "அன்புள்ள" என்று போடலாமா என்பதிலேயே ஒரு நாள் போயிற்று.

போன வாரம் ஓர் இளம் டாக்டர் வீட்டுக்கு வந்தார். டாக்டர் இராமதாஸ் ஓய்வு பெறும்போது தன் நோயாளிகளின் குறிப்புகளை அவரிடம் கொடுத்திருக்கிறார். சர்க்கரை ஏறிய நிலையில் பக்கவாதம் வந்தவர்களையும், சர்க்கரை இல்லாமல் வந்தவர்களையும் தனித்தனியாகப் பிரித்து, யாருக்கு மூளை எவ்வளவு தேறியது என்று ஆராய்கிறார். அப்பாவைச் சோதித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "விழுந்ததுக்கு அப்புறம், டாக்டர் வர்ற வரைக்கும் என்ன குடுத்தீங்கம்மா?" ஒன்றும் கொடுக்கவில்லை என்றேன். அதிரசத்தைப் பற்றிச் சொன்னேன். எழுதுவதை நிறுத்திவிட்டு, "மூணு நாளு முன்ன சாப்பிட்டதா? ஊசியும் போட்டிருக்கீங்க. அதால அன்னிக்கு இவ்வளவு ஏறியிருக்காதே" என்றார். பிறகு, நான் பெரியவள் என்பதால், சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.

அவர் போன பிறகு என்னால் உட்கார முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

வியாழன் மாலை தலையணைக்குள் அதிரசத்தைக் கண்டதும் எனக்கு வந்தது கவலை இல்லை, கோபம். என்னை ஏமாற்றிவிட்டு உன்னோடு சேர்ந்து சிரித்திருக்கிறாரே என்ற கோபம். வெள்ளி காலை, யாரையும் கேட்காமல், மருந்தை இருபது யூனிட்டிலிருந்து முப்பத்திரண்டுக்கு ஏற்றிப் போட்டேன். அரை மணி கழித்து, இட்லி தட்டில் இருக்கும்போதே, அப்பா ஒரு பக்கமாகச் சாய்ந்தார். வியர்த்தது. பேச்சு குழறியது. மருந்து அதிகமானால் இப்படித்தான் வரும், யோசிக்காமல் குளுக்கோஸ் கரைத்து ஊற்று என்று டாக்டர் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். நான் அதிகமாகப் போட்டது எனக்குத் தெரியும். அதனால் சந்தேகமே வரவில்லை.

கரண்டி கரண்டியாக ஊற்றினேன். தெளியவில்லை. இன்னும் கரைத்தேன். பாதி வழிந்தது, பாதி இறங்கியது. கொளஞ்சி வந்து பார்த்துவிட்டு, "அம்மா, வாய் கோணுதும்மா. கை வுழுந்து கெடக்குது. டாக்டரக் கூட்டியாரட்டா?" என்றாள். "ஒனக்கு என்ன தெரியும், போய்ப் பாத்திரத்தத் தேய்" என்றேன். டாக்டர் வந்தால் முப்பத்திரண்டு என்று சொல்ல வேண்டும். அவர் கண் விழித்துவிட்டால் சொல்ல வேண்டியதில்லை. அரை டப்பா குளுக்கோஸ் தீர்ந்தது. பத்து மணிக்குத்தான் கொளஞ்சியை அனுப்பினேன். டாக்டர் வீட்டிலேயே இருந்தார். காலை முழுவதும் இருந்திருக்கிறார்.

வாதம் தானாக வந்திருக்கலாம். அதை நான் வரவழைத்தேனா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த மூன்றரை மணி நேரமும் அவருக்குச் சர்க்கரையை ஏற்றிக்கொண்டே இருந்தது என் கை. டப்பாவை அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டு உன் தூக்கைக் காட்டினேன். முதலில் அது ஒரு பதில்தான். வராந்தாவில் உன்னைப் பார்த்தபோது அது உண்மையாகவே மாறிவிட்டது. பல மாதங்கள் நானே அதை நம்பினேன். நீ எழுதிக் கொடுத்த பிறகு நம்புவது இன்னும் சுலபமாக இருந்தது.

அந்த டாக்டரின் ஆராய்ச்சியில் ஒரு பொய் ஏறிவிடக் கூடாது என்று நேற்று அவருக்கு எழுதிவிட்டேன். சித்தப்பாவிடமும் மற்றவர்களிடமும் உன் முன்னிலையில் சொல்கிறேன். நாள் குறி. வந்து எத்தனை நாள் வேண்டுமானாலும் அப்பாவுடன் இரு.

செல்வாம்பாள்


விழுப்புரம்
19-6-1961

கடிதம் கிடைத்தது.

எனக்குத் தெரியும். மூன்று வருஷமாகத் தெரியும். முதல் தடவை ஒரு மணி நேரம் கொடுத்தாயே, அன்று கொளஞ்சி கொல்லையில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். "டீச்சரம்மா ஊத்திக்கினே இருந்தாங்க, நான் சொன்னேன், கேக்கல. நீ ஏன் தாயி இப்படி எழுதிக் குடுத்த?" என்று அழுதாள். தெருவில் சித்தப்பா என் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். நான் அங்கே போய் உன்னைக் கேட்டிருக்கலாம். கேட்டால் கதவு மூடிவிடும். வருஷத்துக்கு ஒரு மணி நேரம் போய்விடும். வாயை மூடிக்கொண்டு மோரைக் குடித்தேன்.

நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். மாமியார் செத்தபோது எழுதினேனே, அது எதற்கு என்று நினைத்தாய்? அப்போதாவது சொல்வாய் என்றுதான். பதில்கூட வரவில்லை. முன்பின் தெரியாத ஒரு டாக்டரின் தாளில் தப்பு இருக்கக் கூடாது என்று ஐந்து நாள் தூக்கம் இல்லாமல் இருந்திருக்கிறாய். என் பெயரில் அந்தத் தப்பு நாலு வருஷம் இருந்தது.

இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். சித்தப்பாவிடம் சொல்லாதே. யாரிடமும் சொல்லாதே. சொன்னால் உனக்கு லேசாகிவிடும். "எவ்ளோ பெரிய மனசு டீச்சரம்மாவுக்கு" என்பார்கள். என் மாமியாரிடம் போய்ச் சொல்ல முடியுமா? வாயை மூடிக்கொண்டு போய்விட்டார். பார்வதியை இரண்டு இடத்திலிருந்து பெண் பார்த்துவிட்டு, அம்மா கைராசி சரியில்லை என்று போனார்கள். அவர்களை எங்கே தேடுவாய்? எழுதிக் கொடுத்தவள் நான்தான். அந்தப் பழி என்னுடையதாகவே இருக்கட்டும்.

நான் இனி வரப் போவதில்லை. சித்திரையிலும் வர மாட்டேன். உன் கையால் கொடுக்கிற அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் இத்தனை நாள் ஊமையாக இருந்தேன். இப்போது எத்தனை நாள் வேண்டுமானாலும் என்கிறாய். கேட்டபோது கொடுக்காததை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அவருக்கும் என்னைத் தெரியாது.

நீயே பார்த்துக்கொள். நன்றாகப் பார்த்துக்கொள். அவர் நெடுநாள் இருக்க வேண்டும். ஒரு நாள் தந்தி கொடுப்பாய், அன்றைக்கு வருவேன். வந்து எல்லோரும் கேட்க, என்னால்தான் போனார், என் அதிரசத்தால்தான் போனார் என்று தலைமாட்டில் உட்கார்ந்து அழுவேன். நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிரு. அன்றும் ஒன்றும் சொல்லாதே.

அஞ்சலாட்சி


சாரம்
2-7-1961

அஞ்சலாட்சிக்கு,

நீ சொன்னபடியே செய்கிறேன். சித்தப்பா நேற்று வந்தார். ஆலையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். நான் ஒன்றும் சொல்லவில்லை. டாக்டரிடமிருந்து பதில் வந்தது. விவரத்துக்கு நன்றி என்று ஒரே வரி.

ஆனால் ஒருவரை நீ தடுக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்று மத்தியானம், கொளஞ்சி வீட்டுக்குப் போன பிறகு, கதவைச் சாத்திவிட்டு அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்தேன். அவர் முகத்தை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். முப்பத்திரண்டு என்று சொன்னேன். டப்பாவைச் சொன்னேன். "அஞ்சலா இல்லப்பா, நான்தான்" என்று சொன்னேன்.

கேட்டுக்கொண்டிருந்தவர் வாயைத் திறந்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று குனிந்தேன். இல்லை. நான் இவ்வளவு கிட்டத்தில் வந்து உட்காருவது ஊட்டும்போது மட்டும்தான். சாப்பிட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வேளை இல்லை என்று சொன்னால் அவருக்குப் புரியாது. தாடையைப் பிடித்து மூடினேன், மறுபடி திறந்தார். திறந்த வாயோடு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்து போய்க் கஞ்சி வைத்தேன்.

செல்வாம்பாள்